கெத்தும் படுகளமும்

குற்றப் படத்தின் கவர்ச்சி இரண்டு இடங்களில் இருக்கிறது: குற்றவாளி வந்து நிற்கும் கெத்து, அவன் விழும் விதம். இடையில் வரும் வெட்டுக்குத்து கதையை நகர்த்துகிறது, அவ்வளவுதான். கெத்து மட்டும் இருந்தால் அது வழக்கமான மசாலாப் படம். வீழ்ச்சி மட்டும் இருந்தால் சோகப் படம். இரண்டும் ஒரே ஆளிடம் கூடும்போதுதான் ரசிகர் இருக்கை நுனிக்கு வருகிறார்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துக்கு இந்தச் சேர்மானம் புதிதல்ல. சினிமா வருவதற்கு முன்பே திரௌபதி அம்மன் கோயில் தெருக்கூத்து அதைப் பழக்கிவிட்டது. துரியோதனன் கட்டை வேடத்தில் வருகிறான்: உயர்ந்த கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், காலில் சலங்கை. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடி, கூட்டத்தைக் காக்கவைத்த பிறகே முகம் காட்டுகிறான். இன்றைய ‘இன்ட்ரோ சீன்’ செய்வதும் இதே வேலைதான். விழா முடியும் கட்டத்தில் அதே துரியோதனன் பெரிய மண்ணுருவமாகப் படுகளத்தில் மல்லாந்து கிடக்கிறான். பீமன் தொடையில் அடிக்கிறான். திரௌபதி அவிழ்த்த கூந்தலை முடிகிறாள். செத்தவனின் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைக்கிறாள். அவனுக்கு இது தகும் என்று சொல்லும் கூட்டம் அந்த ஒப்பாரிக்கும் காது கொடுக்கிறது. கெட்டவனுக்காகவும் கொஞ்சம் கலங்கும் இந்த மனம்தான் குற்றப் படத்தின் முதலீடு.

திரையில் அந்த மனத்தைத் துணிந்து சோதித்த முன்னோடி, 1954இல் வந்த ‘அந்த நாள்’. எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாட்டில்லை, நடனமில்லை, சண்டையும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய சமயத்தில் கதை நடக்கிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டுச் செத்துக் கிடப்பதில் படம் தொடங்கும். வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் ஒவ்வொருவராகப் பேசப் பேச, செத்தவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பது தெரியவரும். ராஜனாக நடித்தவர் விழுப்புரத்தில் பிறந்த வி. சி. கணேசன், அதாவது சிவாஜி. ‘பராசக்தி’ வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், புகழ் ஏறிக்கொண்டிருந்த நடிகர் துரோகி வேடம் கட்டினார். பாதி முகத்தை நிழலில் விடும் ஒளியும் சாய்ந்த கோணங்களும் அந்தத் துரோகியை வெறுக்கவிடாமல் பார்க்கவைத்தன.

பிறகு வந்தவை ரசிகர்கள் அறிந்தவை. ‘புதுப்பேட்டை’யும் (2006) ‘சுப்ரமணியபுர’மும் (2008) தெருவின் அழுக்கையே அழகாக்கின. ‘ஆரண்ய காண்டம்’ (2011) ஒரே நாளில் முடியும் கதை. பாட்டே இல்லாமல் வந்து இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றது. ‘கைதி’ (2019) ஒரே இரவில் நடப்பது. பாட்டும் நாயகியும் இல்லாத அந்தப் படம் தீபாவளிக்கு வந்து வெற்றி பெற்றது. லாரி முகப்பு விளக்கு, ஆளில்லாத சாலை, நடுநிசிப் பசி ஆகியவைதான் அதன் அலங்காரம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இரவெல்லாம் லாரிச் சத்தம் கேட்டு வளர்ந்த திண்டிவனத்துக்காரருக்கு அந்த இருட்டை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய படங்கள் அரிவாளுக்கு மெருகேற்றி இளைஞர்களைக் கெடுக்கின்றன என்ற குறையும் சொல்லப்படுகிறது. வீழ்ச்சியைக் காட்டாத படங்களுக்கு அது பொருந்தலாம்.

உண்மையான ஆபத்து கைபேசியில் இருக்கிறது. தமிழகச் சிறு நகரங்களில் பழைய திரையரங்குகள் பல, கல்யாண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறிவிட்டதால், படம் பார்ப்பதும் கைபேசிக்கு நகர்கிறது. குற்றப் படமோ முழு இருட்டை நம்பி எடுக்கப்படுவது. டிஜிட்டல் திரையரங்கில் வெள்ளைப் பகுதியின் ஒளிக்கான அளவுகோல் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா மட்டுமே. சுற்றிலும் இருட்டு இருப்பதால்தான் அவ்வளவு குறைந்த ஒளியிலும் கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு தெரிகிறது. பகல் வெளிச்சத்தில், பேருந்து சன்னலோரத்தில் அதே காட்சி வெறும் கறுப்புப் பட்டையாகிறது. கோப்பைச் சுருக்கி அனுப்பும்போது இருண்ட பகுதிகள் கட்டம் கட்டமாக உடைகின்றன. மூலையில் ஒளிந்திருப்பவன் கண்ணில் படுவதே இல்லை.

ஒளி போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கதையின் பாதியே போகிறது. ரீல்ஸாகச் சுற்றுவது வில்லன் நடந்து வரும் முப்பது நொடி. பின்னணி இசை, மெதுநடை, ஒரு பஞ்ச் வசனம். அவன் நண்பனாலேயே காட்டிக்கொடுக்கப்படுவதும், பயந்து சந்துக்குள் ஓடுவதும், கேட்பாரற்றுக் கிடப்பதும் யாருடைய ஸ்டேட்டஸிலும் வருவதில்லை. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர் கெத்துக்கு என்ன விலை என்பதையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். துணுக்கு பார்க்கும் பையனுக்கு அந்த விலை தெரிய வழியில்லை. அரிவாளுக்கு மெருகேறுவது இந்த இடத்தில்தான். இளைஞர்களைக் குறித்துக் கவலைப்படுகிறவர்கள் முழுப் படத்தைத் தடுப்பதைவிட, அதை முழுதாகப் பார்க்க ஊருக்கு ஒரு நல்ல திரையரங்காவது நிலைக்க வழிதேடுவது பொருத்தம்.