சர்க்கரைக்கு ஒரு கணக்கு, சிறுநீரகத்துக்குத் தனிக் கணக்கு

கடையில் எலெக்ட்ரானிக் தராசு வைத்திருக்கும் நாம் ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு முத்திரையிட்டாக வேண்டும். தவறினால் அபராதம். ஆனால் சர்க்கரை நோயுள்ள வணிக அன்பர்களிடம், ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகத்தைச் சோதிக்கிறீர்களா என்று கேட்டால், "மாதாமாதம் சுகர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்" என்றே பலரும் பதில் சொல்கிறார்கள்.

சர்க்கரை அளவு வேறு, சிறுநீரகத்தின் நிலை வேறு. வெறும் வயிற்றில் 110 என்று வந்தவருக்கும் உள்ளே சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கலாம். வலி இராது. கால் வீக்கமும் சிறுநீரில் நுரையும் தாமதமாகத்தான் தலைகாட்டும்.

இதற்கென இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம். சிறுநீரகம் ஒரு சல்லடை. அல்புமின் என்ற புரதத்தை அது ரத்தத்திலேயே நிறுத்திவிட வேண்டும். சல்லடைக் கண் கெட்டால் புரதம் ஒழுகத் தொடங்கும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சரி. 30 முதல் 300 வரை என்றால் ஒழுக்கு ஆரம்பித்துவிட்டது. 300-ஐத் தாண்டினால் சேதம் கூடுதல். சாதாரண யூரின் டெஸ்டில் இந்த ஆரம்ப ஒழுக்கு தெரியாமல் போகலாம். ஆகவே சீட்டில் 'நார்மல்' என்று கண்டு திருப்தியடைய வேண்டாம். இந்தச் சோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, ரத்தத்தில் கிரியேட்டினின். வடிகட்டும் திறன் ஏறத்தாழ பாதி குறையும்வரை பலருக்கு இந்த எண் வரம்புக்குள்ளேயே நிற்கும். அதனால் வயதையும் சேர்த்துக் கணக்கிடும் ஈ.ஜி.எப்.ஆர். எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டும். 90-க்கு மேல் நல்லது. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழ் போனால் டயாலிசிஸ் பேச்சு வந்துவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம் படுக்கையில் கிடக்க வேண்டும். ஒற்றை ஆளாகக் கல்லாவில் உட்காருபவரின் கடை என்னாகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நடுவயதில் வரும் சர்க்கரை நோய்க்கு, நோய் தெரிந்த அன்றே முதல் சோதனை, பிறகு ஆண்டுதோறும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் அல்புமின் கூடும். ஆகவே ஒரு சீட்டைப் பார்த்துக் கலங்காமல், டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பல ஆண்டு இன்சுலின் போட்டவருக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கும். மருந்தைக் குறைக்க வேண்டிவரும். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் உடம்பிலுள்ள இன்சுலினைக் கழிப்பதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு. அது தளர்ந்தால் இன்சுலின் தங்கி, சர்க்கரை தாழும். காரணமில்லாமல் குறைந்தால் உடனே கிரியேட்டினின் பாருங்கள்.

நாள் முழுதும் நின்று முழங்கால் வலிக்கிறதென்று டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். சிறுநீரகத்துக்கு இது நேர் எதிரி. உப்பும் நாளைக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதில் சேர்த்தி. நாம் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது ஆபத்து. வாடிக்கையாளர் கேட்டால் இதையும் சொல்லிக் கொடுங்கள்.

ஒழுக்கைக் கண்டுபிடித்தால் வழியில்லாமல் இல்லை. டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் காக்கின்றன. 'பிரஷர் சரியாகிவிட்டது' என்று பலர் இவற்றைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். டபாகிளிபுளோசின் என்ற சர்க்கரை மருந்து சிறுநீரகச் சேதத்தை மந்தப்படுத்துவதாக 2020-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆண்டு இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் தயாரிப்பில் இறங்க, விலையும் இறங்கிற்று. எவருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டரே முடிவு செய்ய வேண்டும்.

உலக சிறுநீரக தினம் மார்ச் மாதம் இரண்டாம் வியாழக்கிழமை வருகிறது. கணக்கு முடிக்கும் மாதத்தில் நமக்கு ஏது நேரம்? கல்யாணச் சரக்கு ஓடாத ஆடியில் வைத்துக்கொள்ளலாம். போகும்போது போன ஆண்டுச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.