விதை காத்த கைகளுக்குக் கிடைத்த விருது

அடுப்படிக்கு மேலே, புகை படும் இடத்தில், முற்றிய சோளப் பொத்திகளையும் பயற்றங்காய்களையும் எங்கள் அம்மம்மாமார் கட்டித் தொங்கவிட்டிருந்ததை நம்மில் பலர் கண்டிருப்போம். அடுத்த மாரிக்கான விதை அது. வீட்டு வேலைகளோடு வேலையாக அவர்கள் அதைச் செய்தார்கள். அதை ஓர் அறிவு என்றோ, பாராட்டுக்குரிய பணி என்றோ அன்று எவரும் சொன்னதில்லை.

அதே பணிக்காக இந்தியாவில் பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண்ணுக்கு அந்நாட்டின் உயர் விருதுகளில் ஒன்றான பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் பெயர் ராஹிபாய் சோமா போபரே.

மகாராஷ்டிர மாநிலத்தில், முன்னர் அகமதுநகர் என்றும் இப்போது அகில்யாநகர் என்றும் அழைக்கப்படும் மாவட்டத்தில், கொம்பல்னே என்ற மலைக் கிராமத்தில் 1964 ஆம் ஆண்டு பிறந்தவர் ராஹிபாய். மகாதேவ் கோலி என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். குடும்பத்துக்குக் காணி இருந்தும், மழைக்காலத்தில் மட்டுமே பயிர் செய்ய முடிந்தது. மற்றைய மாதங்களில் சீனித் தொழிற்சாலையில் கூலி வேலை செய்துதான் குடும்பம் நடந்தது.

மழைநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டி, தரிசாகக் கிடந்த இரண்டு ஏக்கரை அவர் மரக்கறித் தோட்டமாக்கினார். இதற்கிடையில் அவர் மனதை ஒரு விடயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கடை விதைகளும் இரசாயனங்களும் வந்த பின்னர் ஊரில் நோய் கூடியிருப்பதாக அவர் கண்டார். கிருமிநாசினி தெளித்த மரக்கறியால் தமது பேரப்பிள்ளை சுகயீனமுற்றதே தம்மை மாற்றியது என்று அவர் கூறியிருக்கிறார். வீடு வீடாகச் சென்று பழைய விதைகளைத் தேடிச் சேர்த்தார். அவரை, நெல், சிறுதானியம், கீரை என அவை பெருகின. பைஃப் என்ற தொண்டு நிறுவனம் கைகொடுக்க, அவருடைய வீடே விதை வங்கியானது. 'விதைத் தாய்' என்ற பெயரும் அவருக்கு வந்து சேர்ந்தது.

2018 இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். 2020 இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2021 நவம்பரில் டில்லியில் குடியரசுத் தலைவரின் கையால் அதைப் பெற்றுக்கொண்டார்.

இவரைப் போலவே ஒடிசா மாநிலத்தின் கோராபுட் மாவட்டத்தைச் சேர்ந்த கமலா பூஜாரியும் நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய நெல்லினங்களைத் திரட்டிக் காத்தவர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அவருக்குத் துணை நின்றது. 2019 இல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024 ஜூலையில் அவர் காலமானார். அவர் காத்த நெல்லினங்கள் இன்றும் வயலில் விளைகின்றன.

எப்படி? அவர் விதையைப் பூட்டி வைக்கவில்லை, மற்ற விவசாயிகளுக்குக் கொடுத்தார் என்பதே காரணம். ராஹிபாயும் அதையே செய்தார். சமூக விதை வங்கிகளில் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. ஒரு சுண்டு விதை கொண்டு போனவர் அறுவடைக்குப் பின் இரண்டு சுண்டு திருப்பிக் கொடுப்பார். அதில் ஒரு பங்கு இன்னொரு வீட்டுக்குப் போகும்.

இடம்பெயர்ந்த அனுபவமுள்ள எமக்கு இதன் பெறுமதி நன்றாக விளங்கும். உடுத்த உடையோடு வெளியேறியபோது விதைநெல்லையும் விதைக் குடுவையையும் யாரால் தூக்கிவர முடிந்தது? திரும்பிப் போனபோது காணி இருந்தது, விதை இருக்கவில்லை. ஒரு வீட்டில் மட்டும் இருந்த விதை அந்த வீட்டோடு போய்விட்டது. வேறு ஊரில் உறவினரிடம் கொடுத்து வைத்திருந்த விதையோ திரும்பக் கேட்டு வாங்கக்கூடியதாக இருந்தது. கொடுத்த விதைதான் மிஞ்சிய விதை.

இந்த வேலையைத் தொடங்கப் பெரிய காணி தேவையில்லை, முற்றத்து மூலையே போதும். பயற்றை, அவரை, கௌபி போன்றவற்றில் ஆரம்பிப்பது இலகு. இவை பெரும்பாலும் வேறு இனத்தோடு கலப்பதில்லை. பூசணி, பாகல் போன்றவை பக்கத்துத் தோட்டத்து இனத்தோடு இலகுவில் கலந்துவிடும். கலப்பின விதையில் முளைத்த செடியிலிருந்து விதை எடுத்தால் தாய்ச் செடியின் குணம் அப்படியே வராது. எனவே ஊர் இனத்தையே தேடிப் பிடியுங்கள்.

நோயில்லாமல் நன்றாகக் காய்க்கும் செடிகள் சிலவற்றைப் பார்த்து, துணி கட்டி அடையாளமிடுங்கள். அவற்றின் காயைக் கறிக்குப் பறிக்க வேண்டாம். அவரையும் பயற்றையும் கொடியிலேயே காய்ந்து சலசலக்க வேண்டும். கத்தரி மஞ்சளாகும்வரை செடியிலேயே நிற்கட்டும், பின்னர் விதையைக் கழுவி எடுக்கலாம். எந்த விதையையும் உச்சி வெயிலில் தகரத்திலோ சீமெந்துத் தரையிலோ காயவிடாமல், நிழலிலும் காலை வெயிலிலும் உலர்த்துங்கள். ஆறிய சாம்பல் கலந்து, ஈரமில்லாத போத்தலில் இறுக மூடி, பெயரையும் மாதத்தையும் எழுதி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி ஒரு வாரம் பாருங்கள். எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்துதான் முளைத்தால் கூடுதலாக விதைக்க வேண்டும்.

மாதர் சங்கத்தில் பத்துப் பேர் ஆளுக்கு ஓர் இனத்தை எடுத்துக் காத்தால் அந்தக் கிராமத்தில் பத்து இனம் இருக்கும். ஒவ்வோர் இனத்தையும் குறைந்தது மூன்று வீடுகளிலும், ஒரு பங்கை வெளியூரிலும் வைத்துக்கொண்டால், வெள்ளம் வந்தாலும் வரட்சி வந்தாலும் மறுபடி தொடங்க ஒரு பிடி விதை எங்காவது இருக்கும். விதைப் பைக்கற்றுக்குச் செலவாகும் காசும் மிஞ்சும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்களிடம் உள்ள விதையில் ஒரு பிடியை ஒரு துண்டுத் துணியில் முடிந்து கொண்டு வாருங்கள். போகும்போது மற்றவரின் முடிச்சை வாங்கிக்கொண்டு போங்கள்.