ஔந்தின் வானமும் தென் துருவத்தின் வானமும்

புனே நகரின் வடமேற்கே, முளா ஆற்றங்கரையில் அமைந்த பகுதி ஔந்த். கோடை முற்றிய நாட்களில் அங்கே நிழலிலும் உஷ்ணநிலை 40 டிகிரி செண்டிகிரேடை எட்டுவதுண்டு. என்றேனும் விழும் ஆலங்கட்டியைத் தவிர, வானிலிருந்து இறங்கும் பனிக்கட்டியை அங்கு வாழ்வோர் கண்டதில்லை. ஆயினும், அதே கோடையின் நடுப்பகலில் ஔந்துக்கு நேர் மேலே 17 கிலோமீட்டர் உயரம் செல்ல இயலுமானால், அங்கே உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழ் ஏறத்தாழ 80 டிகிரியாக இருக்கக் காணலாம். தென் துருவக் கண்டத்தின் மீது, சூரியன் உதிக்காத குளிர்கால இரவில், அதே உயரத்தில் நிலவும் குளிரும் ஏறக்குறைய இதே அளவினதுதான்.

குளிர் இரண்டு இடங்களிலும் ஒத்திருக்கிறது; விளைவு ஒத்திருக்கவில்லை. தென் துருவ வானில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஓஸோன் வாயு பெருமளவில் அழிந்துபோகிறது. ஔந்தின் வானில் அவ்வாறு நிகழ்வதில்லை. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? இக்கேள்விக்கு விடை காண்பதில் புனே நகரில் உருவான ஒரு சிறு கருவிக்கும் பங்கு உண்டு.

மூன்று மில்லிமீட்டர் கவசம்

சாதாரணப் பிராணவாயுவின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் உள்ளன. மூன்று அணுக்கள் சேர்ந்தால் அது ஓஸோன் ஆகிறது. 1840-ஆம் ஆண்டு வாக்கில் ஷோன்பைன் என்ற ரசாயன அறிஞர் அதன் மணத்தைக் கொண்டே அதனை அடையாளம் கண்டு பெயரிட்டார். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் பிராணவாயு மூலக்கூறைப் பிளக்கும்போது தனித்த அணுக்கள் தோன்றுகின்றன. அவை மற்ற மூலக்கூறுகளோடு இணைவதால் ஓஸோன் உண்டாகிறது. உயிர்களுக்குத் தீங்கு செய்யும் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை அந்த ஓஸோனே தடுத்து நிறுத்துகிறது. அது இல்லையேல் தோலும் கண்ணும் கேடுறும்; பயிர்களும், கடல்நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களும் நலிவுறும்.

இத்துணைப் பயன் தரும் இவ்வாயுவின் அளவு மிகச் சிறியது. வான் முழுவதிலும் பரவியுள்ள ஓஸோனைத் திரட்டித் தரைமட்டத்துக்குக் கொணர்ந்து, சாதாரண அழுத்தத்தில், பனிநீர் உறையும் உஷ்ணநிலையில் வைத்தால், அதன் கனம் சுமார் 3 மில்லிமீட்டரே இருக்கும். இதனை 300 டாப்ஸன் அலகு என்று குறிப்பர். ஓஸோன் அளவீட்டைத் துல்லியமான ஒரு கலையாக்கிய ஆக்ஸ்போர்டு விஞ்ஞானி டாப்ஸனின் பெயரால் அவ்வலகு வழங்குகிறது.

கோடைக்கானலில் தோன்றிய புதிர்

1920-களின் இறுதியில் டாப்ஸன் தம் கருவிகளை உலகின் பல பாகங்களுக்கும் அனுப்பினார். கலிபோர்னியா, எகிப்து, நியூஜிலாந்து ஆகிய இடங்களுக்குச் சென்ற கருவிகளோடு, தமிழ்நாட்டின் கோடைக்கானல் வானாய்வு நிலையத்துக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. அளவீடுகள் சேர்ந்தபோது ஒரு புதிர் தோன்றியது. வெயில் மிகுந்த உஷ்ணமண்டலத்திலேயே ஓஸோன் மிகுதியாக உண்டாக வேண்டும். ஆனால் கோடைக்கானலின் வானில் அது ஆண்டு முழுவதும் குறைவாகவே இருந்தது. துருவங்களை நெருங்கிய நாடுகளிலோ வசந்த காலத்தில் மிகுந்து காணப்பட்டது.

புதிரை அவிழ்க்கும் நூலின் ஒரு முனை இந்தியாவிலேயே இருந்தது. பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, இந்திய வானிலை இலாகாவில் பணியாற்றிய கே. ஆர். ராமநாதன், 1929-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். பூமியைச் சூழ்ந்த காற்றில் மிகக் குளிர்ந்த பகுதி துருவங்களின் மீது அன்று, பூமத்திய ரேகையின் மீது சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது என்பதை அதில் அவர் எடுத்துக்காட்டினார். இவரே பிற்காலத்தில் அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநராகவும், சர்வதேச ஓஸோன் ஆணைக்குழுவின் தலைவராகவும் விளங்கினார்.

அக்குளிர் மண்டலம் ஒரு வாயில் போன்றது என்பதை 1949-இல் பிரூவர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி விளக்கினார். ஸ்ட்ராடோஸ்பியர் எனப்படும் மேலடுக்கின் காற்று வியக்கத்தக்க அளவு ஈரமற்றதாக இருந்தது. கடுங்குளிரினூடே மேலேறும்போது ஈரம் உறைந்து நீங்கிய காற்றே அவ்வாறு இருக்க முடியும். அத்தகைய குளிர் உஷ்ணமண்டலத்தின் மீதே உள்ளது. ஆகவே காற்று உஷ்ணமண்டலத்தில் மெல்ல மேலேறி, பல ஆண்டுகள் பயணம் செய்து, துருவங்களை நோக்கிச் சென்று அங்கே கீழிறங்குகிறது. வெயில் மிகுந்த வானில் உண்டாகும் ஓஸோன், இவ்வோட்டத்தால் துருவங்களுக்குச் சுமந்து செல்லப்படுகிறது.

புனேயில் உருவான கருவி

டாப்ஸனின் கருவி தரையிலிருந்தபடியே ஓஸோனின் மொத்த அளவைக் கூறும். எந்த உயரத்தில் எவ்வளவு உள்ளது என்பதைச் செவ்வனே அறிய, கருவியையே மேலே அனுப்புதல் வேண்டும். இப்பணி புனேயில் மேற்கொள்ளப்பட்டது. வானிலை இலாகாவின் தலைமை அலுவலகம் 1928-இல் சிம்லாவிலிருந்து புனேக்கு மாற்றப்பட்டது. 1944-இல் தலைமையகம் புது டில்லி சென்ற பின்னரும், கருவிகளை வகுத்துச் செய்யும் பிரிவு புனேயில் நிலைத்தது. ஔந்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அக்கட்டடத்தை மக்கள் 'சிம்லா ஆபீஸ்' என்றே அழைத்து வந்தனர்.

1948-இல் அங்கே பணியில் சேர்ந்தவர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர் அவர். வெளிநாட்டுக் கருவிகளையே நம்பியிருந்த நிலையை மாற்றி, வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்வதற்கு அவர் அரும்பாடுபட்டார். 1960-களில் அவருடைய பிரிவு ஓஸோன் கருவியை உருவாக்குவதில் ஈடுபட்டது. சி. ஆர். ஸ்ரீதரன் என்ற விஞ்ஞானி 1968-இல் இந்திய ஓஸோன் ஸோண்டின் அமைப்பை விவரித்து ஆய்வுரை வெளியிட்டார்.

கருவியின் தத்துவம் எளியது. ஒரு சிறு பம்பு வெளிக்காற்றை இழுத்து, பொட்டாசியம் அயோடைடு கரைசலினுள் குமிழிகளாகச் செலுத்துகிறது. காற்றிலுள்ள ஓஸோன், கரைசலிலிருந்து அயோடினை விடுவிக்கிறது. அந்த அயோடின் கரைசலில் அமிழ்ந்துள்ள பிளாட்டின மின்வாயை அடையும்போது மின்னோட்டம் உண்டாகிறது. ஓஸோனின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு எலக்ட்ரான்கள் என்பது கணக்கு. மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்கே எனினும், அதனை அளந்தால் ஓஸோனை அளந்ததாகும். ஹைட்ரஜன் நிரப்பிய ரப்பர் பலூன் இக்கருவியைச் சுமந்துகொண்டு நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் வீதம் மேலேறும். பலூன் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் சென்று வெடிக்கும் வரை, அளவுகள் ரேடியோ மூலம் தரையை வந்தடையும்.

பனிக் கண்டத்தில்

டாக்டர் எஸ். இஸட். காஸிம் தலைமையில் கோவாவிலிருந்து 1981 டிசம்பரில் புறப்பட்ட முதல் இந்தியக் குழு, 1982 ஜனவரி 9-ஆம் தேதி தென் துருவக் கண்டத்தை அடைந்தது. 1983-84-இல் 'தட்சிண கங்கோத்ரி' என்னும் நிலையம் பனித்தட்டின் மீது நிறுவப்பட்டது. அது நாளடைவில் பனியில் புதையுண்டதால், பாறை நிலமான ஷிர்மாக்கர் பகுதியில் அமைந்த 'மைத்ரி' நிலையம் 1989 முதல் ஆய்வுக்கு உறைவிடமாயிற்று. 2012-இல் லார்ஸ்மன் குன்றுகளில் 'பாரதி' நிலையமும் திறக்கப்பட்டது.

இந்திய ஓஸோன் ஸோண்ட் தட்சிண கங்கோத்ரியிலிருந்தும், பின்னர் மைத்ரியிலிருந்தும் வானில் ஏறியது. துருவ வானில் பலூன் விடுவது எளிதன்று. கரைசல் உறைந்துவிடாமல் கருவியைக் குளிர் புகாத பெட்டியில் பொதிய வேண்டும். இருளிலும் குளிரிலும் ரப்பர் இறுகி, பலூன் உரிய உயரத்தை அடையுமுன்னரே வெடித்துவிடும். இதனைத் தவிர்க்கத் துருவ நிலையங்களில் பலூனை எண்ணெயில் தோய்த்துப் பதப்படுத்துவர். பலமாக வீசும் காற்றில் அதனைத் தரையில் மோதாமல் விடுவிப்பதற்குப் பலர் கைகொடுக்க வேண்டும். இவ்வளவு சிரமத்துக்கும் ஈடாகக் கிடைப்பது காகிதத்தில் வரையத்தக்க ஒரு வளைகோடு. ஓஸோன் துளை பெரிதாக இருந்த 1987-ஆம் ஆண்டில், செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஏற்பட்ட ஓஸோன் குறைவு தட்சிண கங்கோத்ரியில் இவ்வாறு பதிவாயிற்று.

துளை இருப்பதை உலகம் அறிந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரிட்டனின் ஹாலி நிலையத்தில் சர்வதேச பூபௌதிக ஆண்டான 1957-58 காலம் முதல் ஓஸோன் அளக்கப்பட்டு வந்தது. முன்னர் 300 அலகு அளவில் இருந்த அக்டோபர் மாதச் சராசரி, 1984-இல் 200-க்கும் கீழே இறங்கியதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகியோர் 1985-இல் அறிவித்தனர். ஜப்பானின் ஷோவா நிலையத்தில் சுபாச்சி என்பவரும் 1982-இல் இத்தகைய குறைவைக் கண்டிருந்தார். பயன் உடனே புலப்படாத நிலையிலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாது அளந்து வந்தமையே இக்கண்டுபிடிப்புக்கு வித்து.

துளை தோன்றுவது எவ்வாறு?

குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃப்ளோரோ கார்பன் வாயுக்கள் எளிதில் சிதையாதவை. அதனாலேயே அவை விரும்பப்பட்டன. அவை வான் உயரத்தை அடைந்து, புற ஊதாக் கதிர்களால் பிளவுண்டு, ஓஸோனை அழிக்கும் குளோரினை வெளிவிடும் என்று மொலினா, ரோலண்ட் ஆகிய இருவரும் 1974-இல் எச்சரித்தனர். ஒரு குளோரின் அணு, தான் அழியாமலேயே, ஓஸோன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கானவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைக்க வல்லது.

அவ்வாயுக்கள் எந்த நாட்டில் வெளிவிடப்பட்டாலும், முதலில் உஷ்ணமண்டலத்தின் குளிர் வாயில் வழியாகவே மேலேறுகின்றன. 17 கிலோமீட்டர் உயரத்தில், ஔந்தின் வானில் உள்ள காற்று கீழிருந்து அண்மையில் ஏறியது. அதிலுள்ள குளோரின் இன்னமும் பிளவுபடாத மூலக்கூறுகளுக்குள் அடைபட்டே இருக்கிறது. அவ்வுயரத்தில் ஓஸோனும் சொற்பமே. ஓஸோன் மிகுந்திருப்பது 26 கிலோமீட்டர் அளவில்; அங்கோ குளிர் வெகுவாகத் தணிந்துவிடுகிறது. மேலும், அக்காற்று ஓரிடத்தில் அடைபட்டு நிற்பதில்லை. எனவே, குளிர் இருந்தும் அங்கே துளை தோன்றுவதில்லை.

அதே காற்று பல ஆண்டுகளுக்குப்பின் தென் துருவத்தில் இறங்கும்போது நிலைமை வேறு. குளோரின் அதற்குள் பெரும்பாலும் விடுபட்டு, தீங்கற்ற வேறு கூட்டுப்பொருள்களில் தங்கியிருக்கும். குளிர்கால இரவில் கண்டத்தைச் சுற்றிச் சுழலும் பெருங்காற்று, உள்ளிருக்கும் காற்றை வெளியுலகிலிருந்து பிரித்துவிடுகிறது. உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழ் 78 டிகிரிக்கும் தாழும்போது மெல்லிய மேகங்கள் உண்டாகின்றன. அம்மேகத் துகள்களின் மீது நிகழும் ரசாயன மாறுதல்களால் குளோரின் மீண்டும் வீரியம் பெறுகிறது. வசந்தத்தில் சூரியன் திரும்பி ஒளி பட்டதும் அழிவு தொடங்குகிறது. சில வாரங்களில் 14 முதல் 20 கிலோமீட்டர் வரையிலான அடுக்கில் ஓஸோன் ஏறக்குறைய முற்றிலும் நீங்கிவிடுகிறது. வட துருவத்தில் மலைகளும் கண்டங்களும் சுழற்காற்றைக் கலைப்பதால் இந்நிகழ்ச்சி பெரும்பாலும் கடுமையாவதில்லை. எனினும் 2011, 2020 ஆகிய ஆண்டுகளில் அங்கும் பேரிழப்பு நேர்ந்தது.

ஆறிவரும் புண்

1987 செப்டம்பர் 16-ஆம் தேதி மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை ஒன்றை ஏற்றன. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. இவ்வாயுக்களின் உற்பத்தி படிப்படியாக நிறுத்தப்பட்டது. ஆயினும் முன்னரே வெளியேறியவை அரை நூற்றாண்டு முதல் ஒரு நூற்றாண்டு வரை வானில் நிலைப்பவை. 1980-ஆம் ஆண்டின் ஓஸோன் நிலை தென் துருவத்தில் 2066 வாக்கிலேயே திரும்பும் என்று 2022-ஆம் ஆண்டின் சர்வதேச மதிப்பீடு கூறுகிறது. உலகின் பெரும்பகுதிக்கு அது 2040-ஐ ஒட்டி நிகழக்கூடும்.

அதுவரை கண்காணிப்பு தளரலாகாது. இவ்வாயுக்களுள் ஒன்று எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்பது 2018-இல் வெளியாயிற்று. தடையை மீறி எங்கோ அது புதிதாக உற்பத்தியாகிறது என்பதைக் காற்றின் அளவீடுகளே காட்டிக் கொடுத்தன. அளவீடு நின்றிருந்தால் மீறலும் மறைந்திருக்கும்.

ஓஸோன் இயல்பாகவே குறைந்தும், சூரியன் உச்சியில் நின்றும் விளங்கும் உஷ்ணமண்டல நாடுகளில், கவசம் மேலும் மெலிவதைப் பொறுக்க இடமில்லை. துருவத்தில் தோன்றிய புண்ணின் நஞ்சு இந்நாடுகளின் வானத்தின் வழியாகவே ஏறிச் சென்றது. துருவத்தைக் காக்கும் ஓஸோனும் இவ்வானத்திலேயே பெரிதும் பிறக்கிறது. ஆதலால் ஔந்தின் மீதுள்ள வானை அளப்பதும், மைத்ரியின் மீதுள்ள வானை அளப்பதும் தனித்தனியான இரு பணிகள் அல்ல. ஒரே காற்றோட்டத்தின் தொடக்கத்தையும் முடிவையும் அளப்பதாகவே அவற்றைக் கருத வேண்டும்.