விண்ணிலிருந்து பனியை அளத்தல்

உலகின் வெப்பமண்டலப் பனியாறுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு பெரு நாட்டில் இருக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்றது, ஆண்டீஸ் மலையில் 5,000 மீட்டருக்கும் மேலே பரந்திருக்கும் கெல்காயா பனிக்கவிகை. அது சுருங்கிவரும் கணக்கைச் சொல்வதில் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1980களிலிருந்து அவை அனுப்பிவரும் படங்களில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர்ச் சதுரம்.

பனி பச்சை ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். குறு அலை அகச்சிவப்புக் கதிரையோ பெரும்பாலும் விழுங்கிவிடும். மேகம் இரண்டையுமே திருப்பி அனுப்பும். அதனால் இவ்விரு அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், வெறும் கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரியும் பனியும் மேகமும் பிரிந்துவிடும். விடை சுமார் 0.4ஐத் தாண்டிய புள்ளிகளைப் பனியென்று கொள்வது வழக்கம்.

சிக்கல் இனிமேல்தான். நேற்றுப் பெய்த பனியும் பனியாறாகவே கணக்கில் ஏறிவிடும். ஒரு தவறான தேதி போதும், உருகிய பனியாறு வளர்ந்ததாகக் காட்ட. எனவே மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களில், புதுப்பனி மிகக் குறைந்த படத்தையே தேர்கிறார்கள். பனிவிளிம்பில் தேங்கிய ஏரிகளும் கணக்கைக் குழப்புவதால், அவற்றைப் பெரும்பாலும் கையால்தான் நீக்க வேண்டியிருக்கிறது.

பரப்பு தெரிந்தாலும் பனியின் தடிமன் எவ்வளவு குறைந்தது என்பது தெரியாது. அதற்கு வெவ்வேறு ஆண்டுகளின் உயர வரைபடங்களை ஒப்பிட வேண்டும்.