பச்சைப் பட்டினியும் அடுப்பேறாத சரக்கும்

மாசி மாதக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் சமயபுரம் சுற்று வட்டார மளிகைக் கடைக்காரர்களுக்கு உட்கார நேரம் இருக்காது. அன்று முதல் 28 நாட்கள் மாரியம்மன் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். மற்ற கோயில்களில் சாமிக்காகப் பக்தன் பட்டினி கிடப்பான். இங்கே மக்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் தளிகை நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, பழங்கள் ஆகியவைதான் படைக்கப்படும். பக்தர்களில் பலரும் இதே ஆகாரத்தோடு விரதத்தை முடிப்பார்கள்.

இந்தப் பட்டியலை வியாபாரக் கண்ணோடு பாருங்கள். இதில் ஒன்றுகூட அடுப்பில் ஏறுவதில்லை. மற்ற நாட்களில் நாம் கொடுக்கும் பருப்பையும் அரிசியையும் வாங்கியவர் புடைத்து, கழுவி, கொதிக்க வைக்கிறார். சரக்கில் சிறு குறை இருந்தாலும் பாதி அங்கே தீர்ந்துவிடும். இந்த 28 நாட்களில் அந்த வசதி நமக்கு இல்லை. கடையில் எப்படிக் கொடுத்தோமோ அப்படியே வாய்க்குள் போகிறது.

முதலில் வாழைப்பழம். நம் ஜில்லாவில் பழம் என்றால் வாழைதான். தொட்டியம், முசிறி, லால்குடி பக்கத்துத் தார்கள் காந்தி மார்க்கெட் மண்டிக்கு வருவதை நான் பையனாக இருந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் ஊர் இது. 1993-இல் மத்திய அரசு தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அமைத்ததும் திருச்சியில்தான். பூஜைக்கு அதிகம் போவது பூவன். ரஸ்தாளி ருசியானது, ஆனால் சீக்கிரம் காம்பு விட்டு உதிர்ந்துவிடும், பயணக் கூட்டத்துக்கு ஆகாது. கற்பூரவல்லி தோல் தடிமன், கொஞ்சம் தாங்கும். மொந்தன் கறிக்குப் போவது. பிலிப்பைன்ஸ் நாட்டில் சபா என்றொரு வாழை உண்டு, நம் மொந்தனுக்கு உறவு. அதை அவித்துத் தின்கிறார்கள், சர்க்கரையோடு எண்ணெயில் பொரித்துக் குச்சியில் குத்தித் தெருவிலே விற்கிறார்கள். அங்கே பழத்தின் மேல் தீ படுகிறது. நம் பூவனை அப்படியே உரித்துச் சாப்பிடுகிறோம்.

ஒரு வருஷம் நான் பட்டதைச் சொல்கிறேன். பூச்சொரிதலுக்கு முதல் நாள் எதிர்பார்த்ததை விடக் கூட்டம். கைவசம் இருந்த பழம் மதியமே தீர்ந்தது. அவசரத்தில் வேறொரு இடத்தில் நூறு தார் எடுத்தேன். பார்வைக்குத் தங்கம் மாதிரி மஞ்சள். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் சில்லறைக் கடைக்காரர்கள் சீப்பு சீப்பாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். உரித்தால் உள்ளே காய், நாக்கில் வைத்தால் துவர்ப்பு. கார்பைடு கல் வைத்த சரக்கு. எடுத்தவன் மேலும் தப்பு இருக்கிறது, எப்படிப் பழுத்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணம் போனது பெரிதல்ல. விரதக்காரர் ஒரு பெரியவர், "அம்மனுக்கு வைத்ததை எப்படியய்யா திருப்பி எடுப்பேன்?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

கல் செய்யும் வேலை இதுதான். கால்சியம் கார்பைடில் ஈரம் பட்டதும் அசெட்டிலீன் வாயு வருகிறது. அது தோலை மஞ்சளாக்கும். முற்றாத காயாக இருந்தால் உள்ளே இனிப்பு ஏறாது. தொழிற்சாலைக்காகச் செய்யும் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். ஆகவே சட்டம் இதைத் தடை செய்துள்ளது, பழைய கலப்படத் தடைச் சட்ட காலத்திலேயே தடைதான், 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் அப்படியே. அனுமதிக்கப்பட்டது எத்திலீன் வாயு. காய் முற்றும்போது தானே விடுகிற வாயு அது. அறையில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை விடலாம். எத்திலீன் பொட்டலம் வைத்தாலும் அது பழத்தின் மேல் படக்கூடாது. நம் பெரியவர்கள் போட்ட புகை மூட்டமும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்தது.

ஆனால் எத்திலீன் அறையில் பழம் நிறம் எடுத்து வெளியே வர நாலைந்து நாள் ஆகும். கல்லுக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம், அதனால்தான் அவசரக்காரன் அதைத் தேடுகிறான். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது எனக்கே கஷ்டம். கொள்முதல் செய்யும்போது எந்த முறையில் பழுத்தது என்று கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் எடுக்காதீர்கள்.

அடுத்து வெல்லம். பானகத்துக்கும் துள்ளுமாவுக்கும் இதுதான் உயிர். வாடிக்கையாளர் வெளுத்த மஞ்சளைக் கேட்கிறார் என்பதற்காக ஆலையில் ஹைட்ராஸ் போட்டு வெளுக்க வைக்கிறார்கள். நல்ல வெல்லம் பழுப்பாகத்தான் இருக்கும். ஒரு கட்டியைத் தண்ணீரில் கரைத்து வையுங்கள், சுண்ணாம்புத் தூளோ மண்ணோ கலந்திருந்தால் அடியில் தங்கிவிடும். நான் கடைக்கு வருகிறவர் கண் முன்னாலேயே கரைத்துக் காட்டுவேன். அதன் பிறகு பழுப்பு வெல்லத்தை யாரும் வேண்டாம் என்றதில்லை.

பானகத்துக்குச் சுக்கு, ஏலக்காயோடு பச்சைக் கற்பூரமும் கேட்பார்கள். கூட்ட நேரத்தில் கடைப் பையன் சூடத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவான். இரண்டும் வெள்ளை, இரண்டும் மணம். சூடம் ஏற்றுவதற்கு உள்ளது, வயிற்றுக்குள் போகக்கூடாது. குழந்தைகளுக்கு வலிப்பு வரை கொண்டுபோகும். பச்சைக் கற்பூரமே ஒரு சிட்டிகைக்கு மேல் ஆகாது. சூடத்தைப் பூஜைச் சாமான் பக்கத்திலும், பச்சைக் கற்பூரத்தை ஏலக்காய் டப்பா பக்கத்திலும் வையுங்கள், ஒரே தட்டில் வேண்டாம்.

துள்ளுமாவுக்குப் பச்சரிசியை ஊற வைத்து, நீர் வடித்து, ஈரம் இருக்கும்போதே இடித்து வெல்லம் சேர்ப்பார்கள். வேக வைப்பதில்லை. ஆகையால் இதற்கென எடுக்கும் மூட்டைக்கு அருகில் வண்டு மாத்திரை வைக்கும் பழக்கம் கூடவே கூடாது. அது விஷ வாயு விடும் சரக்கு, உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளர் கையாள வேண்டியது. புதிதாக அரைத்த அரிசியைக் குறைவாக எடுத்து வாரம் ஒரு முறை மாற்றுங்கள். மோர்ப் பந்தல் போடுகிற அன்பர்கள் மீன் வண்டியில் வரும் ஐஸை மோரில் போட வேண்டாம், பானைத் தண்ணீர் போதும்.

கூட்டம் அதிகம் வருவது ஞாயிறு, செவ்வாய், வெள்ளி. ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய தாரை செவ்வாய்க்கிழமையே சொல்லி வையுங்கள், மண்டிக்காரர் அறையில் போட அவகாசம் கிடைக்கும். சனிக்கிழமை மாலை போன் செய்து இருநூறு தார் கேட்டால் எங்களைப் போன்றவர்கள் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.