பிழைகளுக்கு ஏன் ஒரே வாசல்?

ஜுரு டோல் சாவடி வழியாகப் போகவிருக்கும் ஒருவர், புறப்படும் முன் இணையத்தில் தன் டோல் அட்டைக்கு 50 ரிங்கிட் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் பதில் தாமதமாகிறது. திரையில் '500' என்ற எண்ணும் புரியாத நாலு வரிகளும். பணம் போனதா? மீண்டும் அழுத்தலாமா?

ஏன் இந்தக் குழப்பம்? நிரலின் ஒவ்வொரு பகுதியும் தன் பிழையைத் தானே சமாளித்தால், ஒன்று மன்னிப்புக் கேட்கும். இன்னொன்று தரவுத்தள விவரங்களையே திரையில் கொட்டி, ஊடுருவ நினைப்பவருக்குத் துப்புக் கொடுக்கும். வேறொன்று பிழையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அதுதான் மிகக் கொடியது; தடயமே மிஞ்சாது.

எப்படித் தீர்ப்பது? பகுதிகள் பிழையை மேலே எறியட்டும். கடைசி அடுக்கில் ஒரே கையாளி அதைப் பிடிக்கும். எக்ஸ்பிரஸ் என்ற வலைச் செயலிக் கட்டமைப்பில் இந்தக் கையாளி நான்கு உள்ளீடுகள் வாங்கும் ஒரு ஃபங்ஷன். கோரிக்கையில் தவறென்றால் 400 வரிசை எண், சர்வரில் தவறென்றால் 500 வரிசை. முழு விவரம் பதிவுக் கோப்புக்கு. பயனருக்கோ எளிய இரண்டு வரியும் ஒரு புகார் எண்ணும். சர்வர் அனுப்பும் பிழைப் பதிலுக்குப் பொது வடிவம் 2016இல் ஆர்எஃப்சி 7807 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது; 2023இல் 9457 அதன் இடத்தைப் பிடித்தது.

எல்லாவற்றையும் அந்த ஒரே கையாளியிடம் தள்ளிவிடவும் கூடாது. வங்கி தாமதித்தால், நிலவரத்தை மறுபடி விசாரிக்க வேண்டியது பணம் செலுத்தும் பகுதியே. ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி அடையாள எண் இருந்து, மறுபடி அழுத்தும்போதும் அதே எண் போனால், இருமுறை அழுத்தினாலும் பணம் ஒருமுறைதான் பிடிக்கப்படும்.