மயக்க மருந்துக்கு முன் வாயைப் பார்ப்பது ஏன்?

மேச்சேரி ஆடு வாங்க வரும் விவசாயி, விலை பேசுமுன் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். அதே விவசாயி குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், மயக்க மருந்து டாக்டர் வந்து, "வாயைத் திறவுங்கள், நாக்கை நீட்டுங்கள்" என்றால், "வயிற்று நோய்க்கு வாயை ஏன் பார்க்கிறார்கள்?" என்று ஐயுறுகிறார். அதன் காரணத்தை நாம் அறிந்துகொள்வது நலம்.

முழு மயக்கத்தில் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்கப்படும்போது, நோயாளி தாமாக மூச்சு விடுவது நின்றுவிடும். ஆகவே, வாய்வழியே ஒரு குழாயை மூச்சுக்குழலுக்குள் செலுத்தி, அதன் மூலம் பிராணவாயு அளிக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இது எளிதில் முடிகிறது. சிலருக்கோ குரல்வளை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பிராணவாயு சில நிமிடங்கள் தடைப்பட்டாலும் மூளை கெடும். உயிருக்கும் ஆபத்து நேரும். எனவே, யாருக்குக் குழாய் செலுத்துவது கடினம் என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும்.

இதற்கு எளிய வழியொன்றை வகுத்தவர் நம் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் மல்லம்பட்டி. 210 நோயாளிகளைச் சோதித்து 1985-ல் தம் முடிவை வெளியிட்டார். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, நாக்கை முழுவதும் நீட்ட வேண்டும். "ஆ" என்று ஒலி எழுப்பலாகாது; எழுப்பினால் அண்ணம் மேலே தூக்கி, உண்மை நிலை மறைந்துவிடும். உள்நாக்கு முழுவதும் தெரிந்தால் பெரும்பாலும் எளிது. நாக்கு அதனை மறைத்தால் எச்சரிக்கை தேவை. அவர் வகுத்தவை மூன்று பிரிவுகள். 1987-ல் வேறு இருவர் நான்காவதைச் சேர்த்தனர்.

இத்துடன், வாய் மூன்று விரற்கடை திறக்கிறதா, மோவாய்க்கும் குரல்வளை மேட்டுக்கும் இடையே மூன்று விரற்கடை உள்ளதா, கழுத்து பின்னால் நன்கு சாய்கிறதா என்றும் பார்க்கிறார்கள். எந்தச் சோதனையும் தனியே உறுதியானதன்று. ஆதலால் பலவற்றையும் சேர்த்தே முடிவு செய்வர். கடினம் என்று தோன்றினால், தக்க கருவிகளையும் அனுபவமிக்க துணையையும் முன்னரே ஏற்பாடு செய்துகொள்ளலாம். இயலுமாயின் முதுகில் ஊசி போட்டு மரத்துப் போகச் செய்தும் சிகிச்சையை முடிக்கலாம்.

நோயாளியின் பங்கும் இதில் உண்டு. ஆடும் பல், கட்டிய பல், குறட்டை, கழுத்துக் கட்டி, முன்பு மயக்க மருந்தால் நேர்ந்த தொல்லை ஆகியவற்றை மறைக்கலாகாது. நெடுங்காலம் பாக்கு மெல்லுவோருக்கு வாயின் உட்புறம் நார்போல் இறுகி, வாய் திறப்பது குறைவதுண்டு. வெட்கப்பட்டு இதையும் மறைத்தல் தீது. டாக்டர் குறித்த நேரத்துக்குப் பின் கஞ்சியும் உண்ணலாகாது. வயிற்றில் உணவிருப்பின் அது மேலேறி நுரையீரலுக்குள் புகக்கூடும். அதை மறைத்து, "ஒன்றும் உண்ணவில்லை" என்பவர் தம் உயிரோடு விளையாடுகிறார்.

மேட்டூருக்கோ சேலத்துக்கோ நோயாளியை அனுப்பி வைக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவற்றை வீட்டாருக்கு எடுத்துச் சொல்வார்களாக. கேட்ட கேள்விக்கு மறைக்காமல் விடை கூறுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.